கிழக்கே வர நினைத்த கிரேக்க ஞானி

ஞானம் கடந்த கடல்கள் – பகுதி 14

சென்ற பகுதியை எகிப்தின் செங்கடல் கரையில், பெரனிகே துறைமுகத்தில் நிறுத்தியிருந்தோம். தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த பானை ஓடுகள் அங்கே அகழாய்வில் கிடைத்ததையும், முசிறியிலிருந்து சரக்கு ஏற்றிவந்த ஹெர்மாபொலோன் என்ற கப்பல் தொடர்பான கடன் ஒப்பந்தம் ஒரு பாப்பிரஸ் தாளில் தப்பிப் பிழைத்ததையும் பார்த்தோம். மிளகு போன வழியில் மெய்ஞ்ஞானமும் போனதா? இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டவர்கள் பெரும்பாலும் ஒரு மனிதரிடம்தான் வந்து நிற்பார்கள். அவர் பெயர் புளோட்டினஸ். கிறிஸ்தவம் உரோமைப் பேரரசின் சமயமாவதற்கு முந்தைய நூற்றாண்டில், பழைய கிரேக்கத் தெய்வங்களின் உலகில் வாழ்ந்து மறைந்தவர். பிளேட்டோ மறைந்து ஏறத்தாழ 600 ஆண்டுகள் கழித்து அவருடைய மரபுக்குப் புத்துயிர் ஊட்டியவர்.

எகிப்தில், கி.பி. 205-ஐ ஒட்டிப் பிறந்தவர் என்று கணக்கிடுகிறார்கள். தம் ஊர், பெற்றோர், பிறந்த நாள் எதைப் பற்றியும் அவர் வாய் திறந்ததில்லை என்று அவருடைய மாணவர் போர்பிரி எழுதிவைத்திருக்கிறார். உடம்பில் குடியிருப்பதே கூச்சம் தருவதுபோல அவர் வாழ்ந்தார் என்பது போர்பிரியின் சாட்சியம். அவர் எழுதிய வாழ்க்கை வரலாறு மட்டும் இல்லையென்றால் இந்த ஞானியைப் பற்றி நமக்கு ஏறக்குறைய எதுவுமே தெரிந்திருக்காது.

28 வயதில் தத்துவ தாகம் பிடித்து, அலெக்சாந்திரியாவில் பேர்பெற்ற ஆசிரியர்களிடமெல்லாம் போய்ப் பாடம் கேட்டார். எதிலும் மனம் நிறையவில்லை. சோர்ந்துபோய்த் திரும்பியவரை நண்பர் ஒருவர் அம்மோனியஸ் சாக்காஸ் என்பவரிடம் அழைத்துப் போனார். ஒரே ஒரு நாள் கேட்டார். நான் தேடிய ஆள் இவர்தான் என்று நண்பரிடம் சொல்லிவிட்டார். அந்த அம்மோனியஸ் இளமையில் கோதுமை மூட்டை சுமந்து பிழைத்தவர் என்று பிற்காலக் கிறிஸ்தவ எழுத்தாளர்கள் கூறுகிறார்கள். அதை நம்பினால், போர்ட் சுவெட்டன்ஹாம் என்று அழைக்கப்பட்ட காலத்தில் நம் கிள்ளான் துறைமுகத்தில் மூட்டை தூக்கிய தமிழர்களில் ஒருவர், இரவு விளக்கடியில் சிவஞானபோதம் நடத்தியதுபோல என்று வைத்துக்கொள்ளலாம். அம்மோனியஸ் ஒரு வரிகூட எழுதவில்லை. அவரிடம் புளோட்டினஸ் 11 ஆண்டுகள் இருந்தார்.

அங்கேதான் கிழக்கின் மீது ஆசை வந்தது. பாரசீகர்களின் ஞானத்தையும் இந்தியர்களிடையே சிறந்து விளங்கும் ஞானத்தையும் நேரில் அறிய வேண்டும் என்று துடித்தார் என்கிறார் போர்பிரி. 243-இல் இளம் பேரரசர் மூன்றாம் கோர்டியன் பாரசீகத்தின் மீது படையெடுத்தபோது, 39 வயது புளோட்டினஸ் அந்தப் படையோடு சேர்ந்து புறப்பட்டார். வாள் பிடித்தறியாத மனிதர் இந்தியாவைக் காண்பதற்காகப் போர்ப்படையோடு போனார் என்பதை நினைத்தால் நெஞ்சு நெகிழ்கிறது. ஆனால் 244-இல் மெசபொத்தேமியாவில் கோர்டியன் கொல்லப்பட்டார். எதிரி கையால் போர்க்களத்தில் விழுந்தார் என்று பாரசீகப் பேரரசர் ஷாப்பூரின் கல்வெட்டு சொல்கிறது. சொந்தப் படைத்தலைவர் பிலிப்பின் சூழ்ச்சி என்று உரோமை எழுத்தாளர்கள் சொல்கிறார்கள். எப்படியோ, படை சிதறியது. புளோட்டினஸ் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு அந்தியோக்கியாவுக்குத் தப்பி, அங்கிருந்து உரோமாபுரி போய்ச் சேர்ந்தார். அதன்பின் இந்தியாவுக்குப் புறப்பட அவருக்கு வாய்ப்புக் கிட்டவே இல்லை.

உரோமில் ஜெமினா என்ற பெருமாட்டியின் வீட்டில் தங்கினார். அந்த வீட்டில் நடந்ததுதான் அவர் வாழ்க்கையிலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதி. சாகும் தறுவாயில் இருந்த செல்வர்கள் பலர், தம் பிள்ளைகளை, ஆண் பெண் என்ற வேறுபாடின்றி, சொத்தோடு சேர்த்து இவரிடம் ஒப்படைத்துப் போனார்கள். தெய்வத்தன்மை உள்ள காவலர் என்று நம்பினார்கள். வீடு முழுக்கச் சிறுவர்களும் சிறுமிகளும். அவர்களில் பொத்தாமோன் என்ற பையன் பாடத்தை மீண்டும் மீண்டும் ஒப்பிப்பான். புளோட்டினஸ் சலிக்காமல் கேட்பார். பிள்ளைகளின் சொத்துக் கணக்கைக் காரியஸ்தர்கள் கொண்டுவந்தால் ஒவ்வொரு வரியையும் தாமே சரிபார்ப்பார். இந்தப் பிள்ளைகள் தத்துவத்தின் பக்கம் திரும்பும்வரை அவர்களுடைய பணம் அவர்களிடமே பத்திரமாக இருக்க வேண்டும் என்பது அவர் சொன்ன காரணம். உலகத்தைத் துறந்தவர் என்று நாம் நினைக்கும் ஒருவர், ஊர்ப் பிள்ளைகளின் வாடகை வரவைக் கூட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அகமுகமாகத் திரும்பிய மனம் அந்த வேலைகளுக்கு நடுவிலும் கலையவில்லை என்று போர்பிரி வியக்கிறார்.

மாணவர் அமேலியஸ் குருவின் ஓவியம் ஒன்று வேண்டும் என்று கேட்டார். இயற்கை நம் மேல் போர்த்திய இந்த நிழலைச் சுமப்பது போதாதா, நிழலுக்கும் ஒரு நிழல் எதற்கு என்ற பொருளில் மறுத்துவிட்டார். அமேலியஸ் விடவில்லை. கார்த்தேரியஸ் என்ற ஓவியரை வகுப்பில் உட்காரவைத்தார். அவர் முகத்தைப் பார்த்து மனத்தில் பதித்துக்கொண்டு வீட்டில் போய் வரைந்தார். குருவுக்குத் தெரியாமலே படம் தயாரானது.

எழுத்து விஷயத்திலும் அப்படித்தான். உரோமுக்கு வந்து பத்தாண்டுக் காலம் எழுதவே இல்லை. எழுதத் தொடங்கியபோதும் கண்பார்வை மங்கலானதால் எழுதியதைத் திரும்பப் படிப்பதில்லை. கையெழுத்து மோசம், எழுத்துப் பிழைகள் உண்டு. ஆனால் கட்டுரை முழுவதையும் மனத்தில் முடித்துவிட்டு, ஏட்டைப் பார்த்துப் படியெடுப்பதுபோல மளமளவென்று எழுதுவாராம். 263-இல் வந்து சேர்ந்த போர்பிரி ஒருமுறை, உயிர் உடம்போடு எப்படிச் சேர்ந்திருக்கிறது என்று மூன்று நாள் தொடர்ந்து கேள்வி கேட்டார். வகுப்பில் இருந்த ஒருவர் பொறுமையிழந்து, சொற்பொழிவாகச் சொல்லுங்கள், குறிப்பெடுக்க வேண்டும் என்றார். போர்பிரியின் சந்தேகங்களைத் தீர்க்காமல் எழுதுவதற்கு நம்மிடம் என்ன இருக்கிறது என்பதே புளோட்டினஸின் பதில். அதே போர்பிரி பின்னொரு நாள் உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணத்தில் இருந்தபோது, குருவே அவர் வீட்டுக்கு வந்து, இது அறிவிலிருந்து வரும் முடிவல்ல, மனச்சோர்வு நோயிலிருந்து வருவது, வெளியூர் போய் வா என்று சிசிலித் தீவுக்கு அனுப்பிவைத்தார். மனநலம் பற்றி இன்று நாம் பேசத் தயங்கும் வீடுகளில் இந்தச் சம்பவத்தைச் சொல்ல வேண்டும்.

ஞானிகள் வாழும் ஒரு நகரத்தைக் கம்பானியாவில் அமைக்கப் பேரரசர் கல்லியேனஸிடம் கேட்டதும், அரசவையில் இருந்தவர்கள் பொறாமையால் அதைக் கெடுத்ததும் தனிக் கதை. நகரம் எழவில்லை.

அப்படி என்னதான் சொன்னார்? எல்லாவற்றுக்கும் மேலே 'ஒருமை' இருக்கிறது. அதற்குப் பெயர் சூட்டினாலும் குணம் சொன்னாலும் அது குறைந்துபோகும். அந்த ஒருமை நிறைந்து வழிகிறது, சூரியனிலிருந்து ஒளி வருவதுபோல. ஒளி தருவதால் சூரியன் குறைவதில்லை. அந்த வழிதலில் முதலில் பேரறிவு, பிறகு உயிர், கடைசியில் இந்தப் பொருளுலகம். கீழே இறங்கிவந்த உயிர், வந்த வழியே திரும்பி ஏற முடியும். அதற்கு வெளியே எங்கும் ஓட வேண்டாம். ஒரு சிற்பி கல்லில் வேண்டாததைச் செதுக்கித் தள்ளுவதுபோல உன்னையே செதுக்கிக்கொண்டிரு என்கிறார். தீமை என்பது தனியொரு சக்தியல்ல, நன்மையின் குறைவே என்றும், இந்த உலகத்தை இழிந்தது என்று வெறுப்பவர்கள் அதைப் படைத்த மூலத்தையே அவமதிக்கிறார்கள் என்றும் வாதாடினார். புலால் உண்ணாதவர், விலங்கின் இறைச்சி கலந்த மருந்தைக்கூட மறுத்தவர்.

நம் ஊரில் மலேசிய இந்து சங்கத்தின் திருமுறை ஓதும் விழாவுக்குப் பிள்ளைகளைத் தயார் செய்யும் ஆசிரியர்களுக்கு இதைப் படிக்கும்போதே காது நிமிரும். உயிர் தான் சார்ந்த பொருளின் வண்ணமாகும் என்பது சைவ சித்தாந்தத்தின் அடிப்படைப் பாடம். உயிர் எதை நோக்குகிறதோ அதுவாகிறது என்ற கருத்து புளோட்டினஸின் எழுத்து முழுவதும் ஓடுகிறது. மேலும் கீழுமாக இரு உலகிலும் வாழும் இடைநிலைப் பொருள் உயிர் என்பதிலும் இரு மரபுகளும் நெருங்கி வருகின்றன. ஆனால் ஓரிடத்தில் பாதை பிரிகிறது. சித்தாந்தத்தில் சிவம் உயிர்களுக்காக இரங்குகிறது. ஐந்தொழிலும் உயிரின் மலம் நீங்குவதற்காகவே நடக்கிறது. குருவாக வந்து ஆட்கொள்கிறது. புளோட்டினஸின் ஒருமை யாரையும் குனிந்து பார்ப்பதில்லை. அது இருக்கிறது, வழிகிறது, அவ்வளவுதான். ஏறுவது முழுக்க உயிரின் பொறுப்பு. அருள் என்ற ஒரு சொல்லைச் சுற்றி நம் தமிழ்ச் சைவம் கட்டப்பட்டிருக்கிறது. அந்தச் சொல் தரும் பொருளுக்கு இவர் தத்துவத்தில் இடம் இல்லை. ஒற்றுமையைக் கண்டு மகிழ்கிறவர்கள் இந்த வேறுபாட்டையும் பார்க்க வேண்டும்.

சரி, இவர் இந்தியாவிடம் கற்றவரா? பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையில் 1904-இல் நிறுவப்பட்ட விவேகானந்தர் ஆசிரமம் இருக்கிறது. இலங்கைத் தமிழர்கள் முன்னின்று எழுப்பியது. எந்தத் துறவியின் பெயரை அது தாங்கியிருக்கிறதோ, அவர் தம் சொற்பொழிவுகளில், கபிலரின் சாங்கியமே கிரேக்கத்துக்குப் போய்ப் பின்னர் அலெக்சாந்திரிய தத்துவப் பள்ளியாக உருவெடுத்தது என்று கூறியிருக்கிறார். அடிமை நாட்டு மக்களுக்கு முதுகெலும்பு தரவேண்டிய காலத்தில் சொன்ன சொல் அது. ஐரோப்பாவிலும் எமில் பிரேயே என்ற பிரெஞ்சு அறிஞர் 1920-களில், புளோட்டினஸின் ஒருமைக் கொள்கை உபநிடதங்களின் வழி வந்தது என்று வாதிட்டார். 1936-இல் ஆர்ம்ஸ்ட்ராங் என்ற ஆங்கில அறிஞர் அதை மறுத்து, கிரேக்க மரபுக்குள்ளிருந்தே அவ்வளவையும் விளக்க முடியும் என்று காட்டினார். ஃபிரிட்ஸ் ஸ்டால் சென்னையில் ஆய்வு செய்து அத்வைதத்தையும் புளோட்டினஸின் மரபையும் ஒப்பிட்டு எழுதிய நூலைச் சென்னைப் பல்கலைக்கழகம் 1961-இல் வெளியிட்டது. யார் யாரிடம் எடுத்தார் என்ற கேள்வியைவிட, இரண்டும் உள்ளே எப்படி இயங்குகின்றன என்பதையே அவர் பார்த்தார்.

என் கருத்து இது: புளோட்டினஸ் இந்தியரிடம் பாடம் கேட்டதற்கு ஆதாரம் இல்லை. போகத் துடித்தார் என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. அவர் எழுதிய 54 கட்டுரைகளிலும் பேசும் குரல் பிளேட்டோவை இரவும் பகலும் படித்த ஒருவருடைய குரல். எல்லாம் நம்மிடமிருந்தே போனது என்று சொல்வதால் நமக்கு ஒரு பெருமையும் கூடிவிடாது. மலேசியாவில் மேடைதோறும் இப்படிப் பேசுவதைக் கேட்கிறோம். கேட்கும் இளைஞர்கள் ஒரு நாள் சரிபார்த்துவிட்டு, சொன்னதில் உண்மையாக இருந்ததையும் சேர்த்தே தள்ளிவிடுவார்கள். நம் இளைஞர்களுக்கு அந்த அநியாயம் நேரக் கூடாது.

ஒப்பீட்டை நேர்மையாகச் செய்துகாட்டிய தமிழர் ஒருவர் கோலாலம்பூரிலேயே வாழ்ந்தார். தனிநாயகம் அடிகள். 1913-இல் யாழ்ப்பாணத்துக் கரம்பொனில் பிறந்த கத்தோலிக்கக் குரு. உரோமில் படித்தபோது அவர் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது கார்த்தேஜ் நகர ஆயர் சிப்ரியன் காலத்துக் குருமார்களைப் பற்றி. சிப்ரியன் யார்? புளோட்டினஸ் உரோமில் வகுப்பு நடத்திய அதே ஆண்டுகளில் கடலுக்கு அக்கரையில் ஆயராக இருந்து, 258-இல் பேரரசர் வலேரியனின் ஆணையால் தலை வெட்டப்பட்டவர். அந்த வலேரியனின் மகன்தான் கல்லியேனஸ். 260-இல் கிறிஸ்தவர்கள் மீதான ஒடுக்குமுறையை நிறுத்தியவரும் அவரே. அக்காலப் பேரரசைச் சூறையாடிய தொற்றுநோய்க்கு, அதை நேரில் கண்டு எழுதியவர் என்பதால், சிப்ரியனின் பெயரே நிலைத்துவிட்டது. கொள்ளைநோய் உரோமில் பரவியபோது புளோட்டினஸுக்கு நாள்தோறும் உடம்பு பிடித்துவிடுபவர்களும் மாண்டார்கள். அந்தப் பழக்கம் நின்றபின் அவருக்கு நோய் முற்றியது என்கிறார் போர்பிரி. குரல் கம்மியது, பார்வை மங்கியது, கையும் காலும் புண்ணாயின. எதிர்ப்பட்டவர்களை முத்தமிட்டு வரவேற்பது அவர் வழக்கம். அதனால் நண்பர்கள் விலகினார்கள். மறைந்த நண்பர் ஒருவரின் கம்பானியா தோட்டத்துக்கு ஒதுங்கி, 270-இல், 66 வயதில் இறந்தார். உடனிருந்தவர் மருத்துவரான மாணவர் எவுஸ்தோக்கியஸ் மட்டுமே. நம்முள் இருக்கும் தெய்வத்தை அனைத்திலும் இருக்கும் தெய்வத்தோடு சேர்க்க முயலுங்கள் என்ற கருத்தே கடைசியாகச் சொன்னது.

அந்த நூற்றாண்டை இலத்தீன் ஏடுகளில் படித்துத் தேறிய தனிநாயகம் அடிகள், பிறகு வடக்கன்குளத்தில் ஆசிரியராக இருந்தபோது பண்டிதரிடம் தமிழ் கற்று, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் சங்க இலக்கியத்தை ஆராய்ந்தார். 1961-இல் மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறைக்குத் தலைமை ஏற்றார். அந்தத் துறையில் தமிழுக்கு உரிய இடம் வேண்டும் என்று கோ. சாரங்கபாணி தமிழ் முரசில் குரல் எழுப்பியதும், 'தமிழ் எங்கள் உயிர்' நிதிக்கு மலாயாத் தமிழர்கள் அள்ளிக் கொடுத்ததும் நம் மூத்தோர் அறிந்த வரலாறு. அடிகள் தம் தொடக்கப் பேருரைக்கு எடுத்துக்கொண்ட பொருள் இந்திய சிந்தனையும் உரோமை ஸ்டோயிக் தத்துவமும். திருக்குறளும் புறநானூறும் காட்டும் சான்றோனையும், செனக்கா போன்றோர் காட்டிய ஞானியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். 1966 ஏப்ரலில் முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாட்டைக் கோலாலம்பூரில் கூட்டியவரும் அவரே. 1969 வரை இங்கே பணியாற்றி, 1980-இல் மறைந்தார்.

புளோட்டினஸின் எழுத்து எங்கெல்லாம் போயிற்று என்பதையும் சொல்ல வேண்டும். போர்பிரி 54 கட்டுரைகளையும் ஒன்பது ஒன்பதாக ஆறு தொகுதிகளாக்கினார். மேற்கே அகஸ்டின் 386-இல் மிலானில் அந்த மரபின் நூல்களை இலத்தீனில் படித்துத்தான் மனம் மாறும் பாதைக்கு வந்தார். 430-இல் வாண்டல் படை அவர் நகரை முற்றுகையிட்டபோது, சாகும் நிலையில் அந்தக் கிறிஸ்தவ ஆயர் தம்மைத் தேற்றிக்கொண்டது புளோட்டினஸின் ஒரு சொல்லால்.

கிழக்கே போன வழி இன்னும் நீளமானது. 9-ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் தத்துவஞானி அல்-கிந்தியைச் சுற்றியிருந்தவர்கள் இந்தக் கட்டுரைகளில் ஒரு பகுதியை அரபியில் தழுவி எழுதினார்கள். அது 'அரிஸ்டாட்டிலின் இறையியல்' என்ற தவறான பெயரில் பரவியது. பராபியும் இப்னு சீனாவும் அதைப் படித்தார்கள். பிறகு ஸ்பெயினில் பிறந்து டமாஸ்கஸில் மறைந்த இப்னு அரபியின் சூஃபி ஞானத்தில், ஒருமையிலிருந்து உலகம் படிப்படியாக வெளிப்படும் பேச்சு புது உருவம் பெற்றது. அந்த ஞானத்தின் வேர் குர்ஆனிலும் நபிமொழியிலும் இருக்கிறது. படிகளை அடுக்கிப் பேசும் முறையில் கிரேக்கத்தின் சாயல் படிந்தது என்று சொன்னால் போதும். 1590-இல், இன்றைய மத்தியப் பிரதேசத்தில் உள்ள புர்ஹான்பூரில் முகமது இப்னு பள்லுல்லாஹ் என்ற சூஃபி, இருப்பின் ஏழு படிகளைப் பற்றி அரபியில் ஒரு சிறு நூல் எழுதினார். அது கப்பலேறி ஆச்சே வந்தது. 'மர்த்தபாத் துஜோ' என்று மலாய் உலகம் அதைப் போற்றியது. பாசாய் ஊர் ஷம்சுத்தீன் அதைப் பரப்பினார்.

அவருக்கு முன்பே ஆச்சேயில் ஹம்சா பன்சூரி மலாய் மொழியில் பாடியிருந்தார். கடல்நீர் ஆவியாகி, மேகமாகி, மழையாகி, ஆறாகி மறுபடி கடலாவதைக் காட்டி ஒருமையை விளக்கியவர். 1637-இல் குஜராத்திலிருந்து வந்த நூருத்தீன் ரானிரி அந்தக் கொள்கையை வழிகேடு என்று கண்டித்தார், நூல்கள் எரிக்கப்பட்டன. எரிந்ததுபோக மிஞ்சியவற்றை ஆராய்ந்து சையத் முகமது நகிப் அல்-அத்தாஸ் எழுதிய பெருநூலை மலாயாப் பல்கலைக்கழகம் 1970-இல் கோலாலம்பூரில் வெளியிட்டது. 1960-களின் பிற்பகுதியில் அல்-அத்தாஸும் தனிநாயகம் அடிகளும் ஒரே கலைப்புலத்தில் பணியாற்றினார்கள்.

ஆக, இந்தியாவைக் காணப் புறப்பட்டுப் பாதி வழியில் திரும்பியவரின் சிந்தனைச் சாயல், பல கைகள் மாறி, பல திருத்தங்கள் பெற்று, புர்ஹான்பூரையும் மலாய்த் தீவுகளையும் தொட்டது. அவர் தேடி வந்த வழி அடைபட்டது. வேறு வழி திறந்தது.

பந்தாயில் உள்ள பல்கலைக்கழக நூலகம் பிரிக்பீல்ட்ஸிலிருந்து வெகு தூரமில்லை. இந்திய ஆய்வியல் படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். அடிகளின் பேருரையையும் அல்-அத்தாஸின் நூலையும் ஒரே பருவத்தில் படியுங்கள். கிரேக்கம் கற்க வாய்ப்புக் கிடைத்தால் விடாதீர்கள். மெய்கண்டாரும் புளோட்டினஸும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கத் தக்கவர்கள். அந்த வேலையைத் தமிழும் மலாயும் அறிந்த ஒரு மலேசிய மாணவர் செய்வதே பொருத்தம்.

அடுத்த பகுதியில், 529-இல் ஏதென்ஸில் தத்துவம் கற்பிக்கத் தடை வந்தபின் பாரசீகப் பேரரசரின் அவைக்குப் புறப்பட்ட ஏழு தத்துவவாதிகளையும், அவர்களில் மூத்தவரான தமாசியஸ் அலெக்சாந்திரியாவுக்கு வந்த பிராமணர்களைப் பற்றி எழுதிய குறிப்பையும் பார்ப்போம்.